பழைய மார்க்கை மட்டும் நம்பியதில் போன ஆறு மாதம்

ஒன்பதாம் வகுப்பின் நான்கு பிரிவுகளுக்கும் சேர்த்து என்னைப் பொறுப்பாசிரியராகப் போட்டபோது தலைமையாசிரியர் சொன்னது இவ்வளவுதான்: "போன மூணு வருஷ ரிசல்ட்டை எடுத்து வச்சுக்குங்க டீச்சர். யாருக்கு உதவி வேணும்னு பார்த்து, பத்தாவது போறதுக்குள்ள தேத்தி விட்டுடுங்க." மொத்தம் 142 பிள்ளைகள். நான் கணக்கு எடுப்பவள். மார்க், சராசரி, சதவீதம் எல்லாம் தினமும் புழங்கும் விஷயங்கள் என்பதால் ஒரு வாரத்து வேலை என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். ஆறு மாதம் கழித்து ஒரு பையன் என் மேசைக்கு முன்னால் நின்று ஒரு வரி சொன்னான். அன்று இரவு அந்தப் பட்டியலை முதல் வரியிலிருந்து திரும்பப் பார்த்தேன். எங்கெங்கே தப்பு செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. யாராவது முன்னாலேயே ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அதில் பாதியாவது நடந்திருக்காது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் மார்க் சேகரித்த கதை. ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளின் மார்க் பதிவேடுகள் மூன்று ஆசிரியர்களிடம் மூன்று விதமாக இருந்தன. ஒருவர் 50க்கு மார்க் போட்டிருந்தார், இன்னொருவர் 100க்கு, மூன்றாமவர் கிரேடு மட்டும் எழுதியிருந்தார். ராத்திரி வீட்டு வேலை முடிந்ததும் உட்கார்ந்து எக்செல்லில் ஏற்றுவேன். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், சில நாள் மூன்று. ஐந்து வாரம் ஓடியது. முடிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கணக்கில் வகுப்புவாரியாக ஒரு சராசரி வந்தது. எட்டாம் வகுப்புச் சராசரி 40க்குக் கீழே என்றால் சிவப்பு, 40 முதல் 59 வரை மஞ்சள், 60க்கு மேல் பச்சை என்று நிறம் கொடுத்தேன். 31 பேர் சிவப்பில் வந்தார்கள். அந்த வண்ணப் பட்டியலைப் பார்த்தபோது ஒரு நிறைவு இருந்ததை மறைக்க மாட்டேன். கலரில் பிரிண்ட் எடுத்து ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டினேன். அந்த 31 பேருக்கும் வாரம் மூன்று நாள் கடைசிப் பீரியடில் சிறப்பு வகுப்பு என்று முடிவானது. கடைசிப் பீரியடு என்பது விளையாட்டு நேரம்.

வேறு வேறு தேர்வுகளின் மார்க்கை அப்படியே கூட்டிச் சராசரி எடுத்ததுதான் முதல் தப்பு. கணக்கு டீச்சரான எனக்கு இது உறைத்திருக்க வேண்டும். ஒரு பிள்ளை ஏழாம் வகுப்புத் தேர்வில் 70, எட்டாம் வகுப்பில் 55 வாங்கியிருந்தாள். 15 மார்க் சரிந்துவிட்டது என்று குறித்து வைத்தேன். ஏழாம் வகுப்புத் தேர்வு சுலபமான தாள், வகுப்புச் சராசரியே 78. எட்டாம் வகுப்புத் தாள் கடினம், அதே பிள்ளைகளின் சராசரி 45. மார்க் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கான திட்டவிலக்கத்தைப் பார்த்தால் முதலாவதில் 8, இரண்டாவதில் 10. சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறாள் என்பதைத் திட்டவிலக்கத்தால் வகுத்துப் பாருங்கள். முதல் தேர்வில் 70 கழித்தல் 78, வகுத்தல் 8, அதாவது மைனஸ் 1. இரண்டாவதில் 55 கழித்தல் 45, வகுத்தல் 10, அதாவது பிளஸ் 1. அவள் சரியவே இல்லை. வகுப்பின் கீழ்ப்பகுதியிலிருந்து மேல்பகுதிக்கு ஏறியிருக்கிறாள்! அந்த ஏற்றத்துக்கு ஒரு பாராட்டுச் சொல்லியிருக்க வேண்டிய நான், "ஏம்மா இப்படிக் குறைஞ்சிட்டே" என்று கேட்டு வைத்தேன். அவள் பதில் பேசவில்லை. இரண்டு தேர்வுகளை ஒப்பிடுகிறீர்கள் என்றால் முதலில் அந்தந்தத் தேர்வின் சராசரியையும் பரவலையும் எழுதி வையுங்கள். அது கிடைக்கவில்லையென்றால் வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதையாவது பாருங்கள். வெறும் மார்க்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏறினான், இறங்கினான் என்று சொல்லாதீர்கள்.

அடுத்தது அந்தப் பையன். எட்டாம் வகுப்பு முடியும்வரை அவனைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. சிறப்பு வகுப்புப் பட்டியலில் அவன் பெயர் வந்தபோது அவனுடைய பழைய ஆசிரியர் ஒருவர், "இவன் பரவாயில்லையே" என்று லேசாகச் சொன்னார். கணக்கு அப்படித்தான் சொல்கிறது என்று நான் பதில் சொன்னேன். அரையாண்டுத் தேர்வில் அவனுக்குக் கணக்கில் 49 வந்தது. கூப்பிட்டு, "சிறப்பு வகுப்புக்கு ஒழுங்காத்தானே வர்றே, அப்புறம் ஏன்பா?" என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எனக்குக் கணக்கு வராதுன்னுதானே டீச்சர் நீங்க அந்த லிஸ்ட்ல போட்டிருக்கீங்க."

ராத்திரி கோப்பைத் திறந்தேன். எட்டாம் வகுப்பின் நான்கு தேர்வுகள்: 68, 0, 0, 66. சராசரி 33.5. அந்த இரண்டு பூஜ்யத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் பழைய பதிவேட்டை வாங்கிப் பார்த்தால் அந்த இரண்டு இடத்திலும் ஒரு சின்னக் கோடு. உடம்பு சரியில்லாமல் ஏழு வாரம் பள்ளிக்கே வரவில்லை, தேர்வு எழுதவில்லை. கோட்டை அப்படியே அடித்தபோது எக்செல்லில் கூட்டல் பிழை காட்டியது. பிழை போகட்டும் என்று நான்தான் 0 போட்டேன். அதைச் செய்த ராத்திரிகூட மங்கலாக நினைவிருக்கிறது, தூக்கம் வந்துகொண்டிருந்தது. எழுதிய இரண்டு தேர்வுக்கும் சராசரி எடுத்தால் 67. பச்சையில் இருக்க வேண்டியவன். 18 வாரம், 54 சிறப்பு வகுப்புகள், தனக்குத் தெரிந்த கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு, வெளியே மைதானத்தில் பந்து சத்தம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தனக்குக் கணக்கு வராது என்பதை அவன் அந்த அறையில்தான் கற்றுக்கொண்டான். அப்புறம் மார்க்கும் அப்படியே வந்தது. இதே மாதிரி பூஜ்யம் விழுந்த இன்னும் நான்கு பேரைக் கண்டுபிடித்தேன்.

எழுதாத தேர்வு வேறு, எழுதிப் பூஜ்யம் வாங்கிய தேர்வு வேறு. எக்செல்லில் கட்டத்தைக் காலியாக விட்டால் சராசரிக்கான ஃபார்முலா அதைக் கணக்கில் எடுக்காது. 0 போட்டால் எடுத்துக்கொள்ளும். காலியாக விடுங்கள், ஏன் காலி என்று பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதுங்கள். பட்டியல் முடிந்ததும் 0 எங்கெல்லாம் இருக்கிறது என்று மட்டும் ஒரு தடவை தேடிப் பாருங்கள், ஐந்து நிமிடம்தான் ஆகும். அந்தப் பிள்ளையை முன்பு எடுத்த ஆசிரியர் "இவன் பரவாயில்லையே" என்று சொன்னால், உங்கள் கோப்பைச் சந்தேகப்படுங்கள். அவர் அவனை ஒரு வருடம் பார்த்தவர்.

இதற்கு நடுவில் நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த ஒரு விஷயமும் உடைந்தது. முதல் பருவத் தேர்வில் சிவப்புப் பட்டியலில் இருந்த 31 பேரில் 22 பேர் ஏறியிருந்தார்கள். ஆசிரியர் கூட்டத்தில் சிறப்பு வகுப்பின் பலன் என்று சொன்னேன், எல்லோரும் பாராட்டினார்கள். பூஜ்ய விவகாரத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் திரும்பப் பார்த்தபோது, சிறப்பு வகுப்புக்குப் பேருக்கு மட்டும் தலை காட்டிய ஏழு பேரைத் தனியாக எடுத்தேன். அவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறியிருந்தார்கள். பச்சையின் உச்சியில் இருந்தவர்களோ கொஞ்சம் இறங்கியிருந்தார்கள். 1886இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை வைத்துச் சொன்ன விஷயம்தான் இது. ரொம்ப உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பார்த்தால் அவர்களைவிடக் கொஞ்சம் குட்டை, ரொம்பக் குட்டையான பெற்றோரின் பிள்ளைகள் கொஞ்சம் உயரம். தேர்விலும் அப்படித்தான். அடிமட்டத்தில் நிற்கிற சிலர் அன்றைக்குக் காய்ச்சலோடு எழுதியிருப்பார்கள், சிலருக்குத் தெரியாத பாடத்திலிருந்தே கேள்விகள் வந்திருக்கும். அடுத்த தடவை அந்தக் கெட்ட நேரம் இருக்காது. யாரும் ஒன்றும் செய்யாவிட்டாலும் அந்தக் கூட்டம் மொத்தமாகக் கொஞ்சம் ஏறும்.

எந்தத் தேர்வை வைத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தீர்களோ அதையே தொடக்கப் புள்ளியாக வைத்து முன்னேற்றத்தை அளக்காதீர்கள் என்பதுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. தேர்ந்தெடுத்த பிறகு இன்னொரு சின்னத் தேர்வு வைத்து, அதிலிருந்து அளங்கள். 40 என்ற கோட்டுக்குச் சற்று மேலே இருந்ததால் உதவி கிடைக்காத பிள்ளைகள் எவ்வளவு ஏறினார்கள் என்பதையும் கூடவே பாருங்கள். நான் இதைச் செய்யாததால், பலன் தராத ஒரு சிறப்பு வகுப்பை நன்றாக நடக்கிறது என்று நம்பி இன்னும் மூன்று மாதம் அப்படியே நடத்தினேன். பாராட்டு வாங்கிய அந்தக் கூட்டத்தை இப்போது நினைத்தாலும் மனசு கூசுகிறது.

கோடு என்றதும் இன்னொன்று. 38 சிவப்பு, 42 மஞ்சள் என்று பிரித்தேன் அல்லவா? எந்தத் தேர்வு மார்க்குக்கும் ஒரு ஊசலாட்டம் உண்டு. அதே மாதிரித் தேர்வைத் திரும்ப வைத்தால் மார்க் எவ்வளவு ஒத்துப்போகும் என்பதை 0 முதல் 1 வரை சொல்வது நம்பகத்தன்மை. தேர்வின் நம்பகத்தன்மை 0.9 என்று வைத்துக்கொள்ளுங்கள், அது நல்ல தேர்வுதான். திட்டவிலக்கம் 15. 1லிருந்து 0.9ஐக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, 15ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 5 வரும். அதாவது ஒரு பிள்ளையின் உண்மையான நிலை மூன்றில் இரண்டு தடவைதான் அந்த மார்க்குக்கு மேலேயோ கீழேயோ 5 மார்க்குக்குள் இருக்கும். மற்ற தடவை அதையும் தாண்டும். நாம் பள்ளியில் வைக்கும் சாதாரணத் தேர்வுகளில் ஊசலாட்டம் இன்னும் கூடுதலாகவே இருக்கும். அப்படியானால் 38க்கும் 42க்கும் என்ன வித்தியாசம்? அந்த நான்கு மார்க்கை வைத்து ஒருவனுக்கு விளையாட்டு நேரத்தை எடுத்தேன், இன்னொருவனுக்கு உதவியே கொடுக்கவில்லை. இப்போது கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஐந்தாறு மார்க்குக்குள் இருப்பவர்களைத் தனியாக எழுதி, அவர்களைப் பற்றி அந்த மார்க்கை வைத்து எதுவும் முடிவு செய்வதில்லை. நேரில் பேசி, நோட்டைப் பார்த்துத்தான் முடிவு.

சுவரில் ஒட்டிய பட்டியலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நோட்டுக்கட்டு எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்த ஒரு பிள்ளை அதைப் பார்த்துவிட்டாள். இரண்டு நாளில் நான்கு பிரிவுக்கும் தெரிந்துவிட்டது. அப்புறம் 'செகப்பு லிஸ்ட்' என்பது ஒரு வசவாகவே ஆனது. பிள்ளைகளைவிட ஆசிரியர்கள் மேல் அது செய்த வேலை எனக்கு இன்னும் உறுத்துகிறது. சிவப்பில் இருந்தவர்களிடம் நாங்கள் கேள்வி கேட்பது குறைந்தது, கேட்டாலும் பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்தவரிடம் போனோம். நானும்தான். 1968இல் ராபர்ட் ரோசன்தால், லெனோர் ஜேக்கப்சன் என்ற இருவர் ஒரு தொடக்கப் பள்ளியில் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய சில பிள்ளைகளின் பெயரை ஆசிரியர்களிடம் கொடுத்து, இவர்கள் இந்த வருடம் நன்றாக வளரப் போகிறார்கள் என்று சோதனையில் தெரிகிறது என்றார்கள். வருட முடிவில், முக்கியமாகச் சின்ன வகுப்புகளில், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக ஏறியிருந்தார்கள். அந்த விளைவு எவ்வளவு பெரியது என்பதில் பிறகு நிறைய வாதம் நடந்திருக்கிறது. ஆனால் என் சுவரில் அதன் மறுபக்கத்தை நான் கண்ணாரப் பார்த்தேன். இப்போது பட்டியல் என் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. ஒவ்வொரு பாட ஆசிரியருக்கும் அவர் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் போகும், மார்க்கும் நிறமும் போகாது.

பூஜ்யங்களைத் திருத்திய வாரத்தில்தான் நான் முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். எட்டாம் வகுப்பு முழுஆண்டுத் தேர்வின் விடைத்தாள்கள் இன்னும் பள்ளியில் கட்டிக் கிடந்தன. பூஜ்யத்தால் வந்த ஐந்து பேரைக் கழித்து மீதி 26 பேரின் கணக்கு விடைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். ஐந்து மாதம் மார்க்கைப் பார்த்தும் கண்ணில் படாதது இரண்டு சனிக்கிழமையில் தெரிந்தது. 14 பேர் பின்னத்தைக் கூட்டும்போது மேலே உள்ளதை மேலோடும் கீழே உள்ளதைக் கீழோடும் கூட்டியிருந்தார்கள். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று. ஐந்தில் இரண்டு அரையைவிடச் சின்னது என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை. அதே பிள்ளைகள்தான் அடைப்புக்குறியைப் பிரிக்கும்போது வெளியே உள்ள எண்ணை முதல் உறுப்போடு மட்டும் பெருக்கியிருந்தார்கள். இவர்களுக்கு நான் 54 வகுப்புகளில் ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தை மெதுவாகத் திரும்ப நடத்திக்கொண்டிருந்தேன். ஓட்டை மூன்று வகுப்புக்குக் கீழே இருந்தது. இன்னும் ஏழு பேர் வேறு மாதிரி. எண்ணாகக் கொடுத்த கணக்கெல்லாம் சரி, வாக்கியக் கணக்கு அத்தனையும் காலி. அவர்களின் அறிவியல், சமூக அறிவியல் தாள்களை வாங்கிப் பார்த்தால் அங்கேயும் நீளமான கேள்விகள் காலி. அவர்களுக்குத் தேவைப்பட்டது கணக்கு சிறப்பு வகுப்பே அல்ல, வாசிப்பு.

கடைசியாக, பச்சையில் இருந்த ஒரு பெண். 88, 83, 79 என்று வந்தாள். எல்லாமே பச்சை என்பதால் என் கோப்பு ஒன்றும் சொல்லவில்லை. சந்தேகத்தில் அவள் தாளையும் எடுத்தேன். முதல் மூன்று பக்கம் பென்சிலால் ஓரக்கோடு, தலைப்புக்கு இரட்டை அடிக்கோடு, ஒரு அடித்தல் இல்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்கு பாதி வரியில் நின்றிருந்தது, அதற்குப் பிறகு வெற்றிடம். வேறு மூன்று பாடத்திலும் அப்படியே. கூப்பிட்டுக் கேட்டேன். முன்பு ஒரு தடவை கையெழுத்துக்காக எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியிருக்கிறாள். அதிலிருந்து அழகாக எழுதாமல் அடுத்த கேள்விக்குப் போக முடிவதில்லை. பாடத்தில் எந்தக் குறையும் இல்லை, நேரம்தான் போதவில்லை. நடுத்தர மார்க் வாங்குபவர்களும் நல்ல மார்க் வாங்குபவர்களும் சத்தமில்லாமல் சரிவார்கள். கோட்டுக்கு மேலே இருக்கிறார்களா என்று மட்டும் பார்த்தால் அவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள்.

142 பேரின் தாளையும் ஒருவராகப் படிக்க முடியாது, அது எனக்கும் தெரியும். இப்போது நான் செய்வது இது. பழைய மார்க்கை ஒரே மாலையில் பார்த்து, யாருடைய தாளை எடுக்க வேண்டும் என்று மட்டும் தீர்மானிக்கிறேன்: அடியில் இருப்பவர்கள், திடீரென்று ஏறி இறங்கியவர்கள், ஒரு பாடத்தில் மட்டும் விழுந்தவர்கள், நல்ல மார்க்கிலிருந்து தொடர்ந்து சரிபவர்கள். நாற்பது, நாற்பத்தைந்து பேர் வருவார்கள். ஒரு தாளுக்குப் பத்து நிமிடம், பிள்ளையோடு ஐந்து நிமிடம் பேச்சு. அப்புறம் இருபது நிமிடத்தில் முடிகிற ஒரு சின்னத் தாள், மார்க் போடாமல். மார்க் போடாததற்குக் காரணம் இருக்கிறது. 1988இல் ரூத் பட்லர் என்பவர் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் எழுதிக் கொடுத்த பிள்ளைகள் முன்னேறினார்கள், மார்க்கோடு குறிப்பும் கொடுத்தவர்களுக்கு அந்தப் பலன் வரவில்லை. என் வகுப்பிலும் அதைத்தான் பார்க்கிறேன். மார்க் இருந்தால் அதைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். உதவிக்குழுவில் யாரும் ஆறு வாரத்துக்கு மேல் மறுபரிசீலனை இல்லாமல் இருப்பதில்லை. விளையாட்டுப் பீரியடைத் தொடுவதில்லை.

அந்தப் பையனிடம் சொல்ல எனக்கு நான்கு நாள் ஆயிற்று. பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிடலாம் என்றுகூட ஒரு நாள் யோசித்தேன். ஆனால் தனக்குக் கணக்கு வராது என்று அவன் நம்பியது அப்படியே இருந்திருக்கும். அதனால் பதிவேட்டையும் என் கோப்பையும் எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோடு இருந்த இடத்தையும் நான் பூஜ்யம் போட்ட இடத்தையும் விரல் வைத்துக் காட்டினேன். "இது என் தப்புப்பா. உன் மார்க் 67. உனக்குக் கணக்கு நல்லாவே வரும்" என்றேன். அவன் அம்மாவுக்கும் அன்றே போன் செய்து இதையே சொன்னேன். அவன் அந்த இரண்டு எண்களையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். கோபப்படுவான் என்று காத்திருந்தேன். தலை நிமிர்ந்து கேட்டான்:

"அப்ப இன்னைக்கு கடைசிப் பீரியடு நான் கிரவுண்டுக்குப் போலாமா டீச்சர்?"